காலைப் பலகை: குச்சி, அட்டை, மூன்று ஜன்னல்

முதல் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் வருகை, எண், எழுத்து மூன்றையும் தாங்களே கையால் நகர்த்திப் பழக அட்டையில் ஒரு பலகை செய்தேன். அந்தக் காலைப் பலகையில் கடைசியாகச் சரிவந்தது, பட்டைகளை நகர்த்தி உயிர்மெய் அமைக்கிற எழுத்துச் சட்டம்தான். மூன்று பட்டைகளும் இப்போது எங்கும் சிக்காமல் ஏறி இறங்குகின்றன. ஆறு வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் இழுத்தாலே நகர்கிறது. அளவெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. முதல் வகுப்பு எடுப்பவர்களுக்கும், வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கும் பயன்படலாம்.

காலையில் முதல் கால்மணி நேரம் வருகை, கிழமை, கொஞ்சம் எண், கொஞ்சம் எழுத்து என்று போகும். எந்த முதல் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. நாம் கேட்போம், அவர்கள் கோரஸாகப் பதில் சொல்வார்கள். கோரஸில் யாருக்குத் தெரியும், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் வாயால் சொல்கிற வேலையைக் குறைத்து, கையால் நகர்த்துகிற வேலையைக் கூட்டலாம் என்று நினைத்தேன். பலகையில் ஆசிரியர் தொட வேண்டியது எதுவும் இருக்கக் கூடாது. எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

அடிப்பலகை 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்த நெளி அட்டைதான். ஒற்றை அட்டை ஒரு வாரத்தில் வில்லாக வளைந்துவிடும். இரண்டு அட்டைகளை ஒட்ட வேண்டும், அதிலும் உள்ளே இருக்கும் நெளிவுகள் ஒன்றில் கிடைமட்டமாகவும் இன்னொன்றில் செங்குத்தாகவும் வருகிற மாதிரி. பசையைக் குழம்பாகக் கொட்டாமல் பழைய ஸ்கேலின் விளிம்பால் மெல்லியதாக இழுத்துவிட்டு, ஒட்டியபின் இரவு முழுக்க மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வைத்தேன். பசை கூடினால் அட்டை ஈரமாகி அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். தெர்மாகோல் லேசுதான், ஆனால் ஓரம் உதிர்ந்து தரையெல்லாம் வெள்ளைக் குருணை. வகுப்பறைக்கு அது வேண்டாம்.

எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதில்தான் முதல் திருத்தம். சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணியில் மாட்டினால் பலகையின் நடுப்பகுதி என் கண்ணுக்கு நேராக வந்தது, பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கண் மட்டம் 105 செ.மீ. வாக்கில் வரும். இப்போது பலகையின் மேல் விளிம்பு தரையிலிருந்து 120 செ.மீ., கீழ் விளிம்பு 60 செ.மீ. நான் மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். பரவாயில்லை.

வருகைப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய சிக்கல் இல்லை. மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் ஐந்து என்று பத்துக் கட்டம் கொண்ட சட்டங்கள் மூன்று. ஒவ்வொரு கட்டமும் 7.5 × 4 செ.மீ. வந்தவர் தன் பெயர் அட்டையை எடுத்து அடுத்த காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும். இரண்டு சட்டம் நிரம்பி மூன்றாவதில் ஆறு என்றால் 26 பேர். ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் சில வாரங்களில் மேல் வரிசையைப் பார்த்ததும் “அஞ்சு” என்று எண்ணாமலே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பெயர் அட்டைக்கு வெல்க்ரோ ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் வருகிற ‘கர்ர்’ சத்தத்துக்காகவே ஒட்டி ஒட்டி எடுத்தார்கள். வெல்க்ரோவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அட்டையை மடித்து 1 செ.மீ. ஆழத்தில் ஒரு விளிம்பு வைத்தேன். பெயர் அட்டை அதில் சும்மா நிற்கிறது.

அடுத்தது குச்சிகள். பள்ளி நடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குச்சி. வலப்பக்கப் பெட்டி ஒன்றுகளுக்கு, நடுப்பெட்டி பத்துகளுக்கு, இடப்பக்கப் பெட்டி நூறுக்கு. பத்துக் குச்சி சேர்ந்ததும் கட்டாகக் கட்டி நடுப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். கைவினைக்கு விற்கிற தட்டையான மரக்குச்சிதான். நீளம் 11.4, அகலம் 1 செ.மீ., தடிமன் 2 மி.மீ. பத்தை அடுக்கினால் 2 செ.மீ. கனம் வரும். நடுப்பெட்டியில் அதிகபட்சம் ஒன்பது கட்டுகள் நிற்கும். அதற்கு 12 செ.மீ. அகலமும் 4 செ.மீ. ஆழமும் தாராளம். பெட்டியின் முன்பக்கம் 6 செ.மீ. உயரம் இருந்தால் போதும், குச்சியின் மேல்பாதி வெளியே தெரியும். முதலில் காகித உறைகளைத்தான் ஒட்டியிருந்தேன். நான்கு கட்டு சேர்ந்ததும் உறை வயிறு தள்ளி, வாய் திறந்து தொங்கிவிட்டது.

கட்டுவது எதனால்? ரப்பர் பேண்டு அந்த வயது விரல்களுக்குச் சரிப்படவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் குச்சி சிதறும், இல்லையென்றால் ரப்பர் பறக்கும். அப்புறம் அட்டையில் சின்ன வளையம் செய்து பார்த்தேன். சரியாகப் பத்துக் குச்சி மட்டும் நுழையும் அளவு. பார்க்க அழகு, சிதறவும் இல்லை. ஆனால் பிள்ளைகள் எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். வளையம் இறுகும்வரை குச்சியைச் செருகுவது, இறுகிவிட்டால் பத்து! குச்சிகளின் தடிமன் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு கட்டில் பதினொன்று இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. எண்ணுகிற வேலையை வளையம் எடுத்துக்கொண்டால் பிறகு அந்தக் குச்சிக்கு என்ன வேலை? வளையங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, முடிக்குப் போடுகிற துணி சுற்றிய எலாஸ்டிக் பேண்டுக்கு மாறினேன். அது ஒரே சுற்றில் நிற்கிறது, விரலையும் கடிக்கவில்லை, ஒன்பதானாலும் பத்தானாலும் இறுக்கிக்கொள்கிறது. ஆகவே எண்ணித்தான் ஆக வேண்டும்.

தேதி அட்டையைக் குச்சிப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். தேதி 14, பள்ளி நாள் 37. இரண்டும் எண், இரண்டும் “இன்றைக்கு”. எது எதற்கு என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை காலையில் சனி, ஞாயிறுக்கும் சேர்த்து மூன்று குச்சி போடும் பிள்ளைகள் வேறு. தேதியைக் கழற்றிப் பலகையின் எதிர்ப்பக்க மூலைக்குக் கொண்டுபோனதும் குழப்பம் பெருமளவு அடங்கியது.

பெட்டியில் இருக்கும் குச்சியை எண்ணாக எழுதச் சொன்னால்தான் உண்மையான சிக்கல் தலைகாட்டும். இரண்டு கட்டு, ஒரு குச்சி. வாய் “இருபத்தொன்று” என்று சரியாகச் சொல்லும். கை 201 என்று எழுதும். முதல் வகுப்பு எடுத்த எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பிள்ளையின் பக்கம் நியாயம் இருக்கிறது: இருபது என்றால் 20, ஒன்று என்றால் 1, இரண்டையும் அடுத்தடுத்து எழுதியாயிற்று. “தப்பு, சைபர் வராது” என்று சொல்லிச் சொல்லி அழிக்கச் சொல்வதால் அடுத்த நாள் ஒன்றும் மாறியிருக்காது.

இதற்கு மேலடுக்கு அட்டைதான் மருந்து. ஒன்றுகளின் அட்டை ஒரு பங்கு அகலம், பத்துகளின் அட்டை இரு பங்கு, நூறின் அட்டை மூன்று பங்கு, உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. 20 அட்டையின் வலது பாதி மேல் 1 அட்டையை வைத்தால் சைபர் மறைந்து 21 தெரியும். மாண்டிசோரி முறையில் ஒன்றுகளுக்குப் பச்சை, பத்துகளுக்கு நீலம், நூறுகளுக்குச் சிவப்பு. நானும் அதே நிறங்களில்தான் எழுதினேன்.

அளவில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பங்கு 6 செ.மீ., உயரம் 8 செ.மீ. என்று எடுத்தால் ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அட்டைதான் வரும், கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் இன்னொரு தாளை வெட்ட வேண்டும். 5.8 செ.மீ. என்று குறைத்தால் வரிசைக்கு ஐந்து, இரண்டு வரிசை, மொத்தம் பத்து. ஒன்று கூடுதலாகவே கிடைக்கும், அது தொலைகிற அட்டைக்கு. பத்துகளின் அட்டை 11.6 × 8. அதை ஏ3 தாளில் மூன்றுக்கு மூன்றாக வெட்டினால் 10 முதல் 90 வரை ஒன்பதும் ஒரே தாளில் முடிந்துவிடும். கட்டர் கத்தியும் இரும்பு ஸ்கேலும் வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் ஒரு மில்லிமீட்டர் சாயும், அந்த ஒரு மில்லிமீட்டரில் சைபர் எட்டிப் பார்க்கும்.

லேமினேஷனால் ஒரு வேலை வீணானது. அட்டையைச் சுற்றி 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விட்டால்தான் அது பிரியாமல் நிற்கும். அந்த ஓரம் இருந்தால் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. ஓரத்தை ஒட்ட வெட்டினால் சில நாளில் மூலையிலிருந்து உரிய ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு ஜன்னல் வெளிச்சம் பட்டு எண்ணே தெரியாமல் பளபளக்கிறது. இப்போது 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டையில் எழுதி, எண் இருக்கிற பக்கத்தில் மட்டும் அகலமான ஒளிபுகும் டேப்பை ஒட்டியிருக்கிறேன். அழுக்கானால் துடைக்கலாம், மடங்கினால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் சேர்த்து வைப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும். 20-இன் இடது பாதி மேல் 1-ஐ வைத்தால் 10 ஆகிவிடும்! எல்லா அட்டைகளிலும் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டேன். வெட்டிய மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் சரி. இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, விரலே தேடிக்கொள்கிறது.

ஒரு பிள்ளை 20 மேல் 1-ஐ வைத்தாள். உடனே தூக்கினாள், மறுபடி வைத்தாள். “டீச்சர், சைபர் போயிடுச்சு.” போகவில்லையே, கீழேதானே இருக்கிறது என்றேன். மூலையை நகத்தால் லேசாகக் கிளப்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் நோட்டில் 201 வந்தால், 0-வின் மேல் அவளே விரலை வைத்து மூடிப் பார்த்துக்கொள்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரே நாளில் பிடிபடவில்லை, சிலருக்கு இன்னும் அட்டை தேவைப்படுகிறது. 12-க்கு மட்டும் வேறு தொல்லை. பன்னிரண்டு என்று சொல்லும்போது பத்து காதில் தெளிவாக விழுவதில்லை. அங்கே குச்சியைக் காட்டித்தான் பத்தும் இரண்டும் என்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, எழுத்துச் சட்டத்துக்கு வருவோம். அதிக நேரம் தின்றது இதுதான்.

216 உயிர்மெய்யையும் தனித்தனி அட்டையாகச் செய்தால் யாருக்கும் பயனில்லை, அடுக்கி வைக்கவே ஓர் அலமாரி வேண்டும். அதனால் மூன்று ஜன்னல் உள்ள சட்டம். இடது ஜன்னலில் ஓடும் பட்டையில் காலி இடம், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்தின் இணைக்கொம்பு. நடு ஜன்னலில் க, ட, ப என்று அகர வரிசை எழுத்துகள். வலது ஜன்னலில் காலி, துணைக்கால், ஔகாரத்தின் வலப்பக்கக் குறி. இடமும் வலமும் காலியாக இருந்தால் க. வலதில் கால் வந்தால் கா. இடதில் கொம்பு வந்தால் கெ, கே, கை. இரண்டு பக்கமும் வந்தால் கொ, கோ, கௌ. ஆக ஒவ்வொரு மெய்க்கும் எட்டு உயிர்மெய். பதினெட்டு மெய்க்கு 144 எழுத்துகள், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றே ஜன்னலில் வந்துவிடுகின்றன.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன்பு இந்தச் சட்டம் முழுதாக வேலை செய்திருக்காது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகளுக்கு அப்போது தனி வடிவம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே காலும் ஒரே கொம்பும் போதும்.

நடுப்பட்டையில் பதினெட்டையும் ஒன்றாக எழுதினால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் போகும், மேசையில் வைத்து இழுக்க முடியாது. ஏ3 அட்டையின் நீளம் 42 செ.மீ. எழுத்துக்கு 6 செ.மீ. வீதம் ஆறு எழுத்துக்கு 36, இரு முனையிலும் பிடிக்க 3, 3. கணக்கு அச்சாகப் பொருந்தியது. முதல் பட்டையில் ட, ப, ம, ய, ங, ர. பெரும்பாலும் நேர்கோடுகள். இரண்டாவதில் க, த, ச, ந, ல, வ. மூன்றாவதில் ஞ, ண, ன, ற, ழ, ள. தேவையான பட்டையை மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

பட்டை ஓடுகிற வழிதான் பாடாய்ப் படுத்தியது. முதலில் ஒரே அட்டையில் ஜன்னலுக்கு மேலும் கீழும் பிளவு வெட்டி, பட்டையை நுழைத்து எடுக்கிற மாதிரி செய்தேன். பிளவுக்குள் வளைந்து வளைந்து போய்ப் பட்டையில் மடிப்பு விழுந்தது. மடிப்பு விழுந்த இடம் வந்ததும் அப்படியே நின்றுவிடும். பிள்ளை வேகமாக இழுத்தால் பிளவு கிழியும். ஆகவே இரண்டு அட்டை, நடுவில் தடம். பின் அட்டையில் நான்கு தடுப்புக் கீற்றுகளை ஒட்டி, அவற்றின் மேல் ஜன்னல் வெட்டிய முன் அட்டையை ஒட்டினேன். தடுப்புக் கீற்று பட்டை செய்த அதே அட்டை, ஆனால் இரட்டையாக. ஒற்றையாக வைத்தால் பட்டை நசுங்கி ஓடாது.

தடத்தின் அகலம் பட்டையைவிட 2 மி.மீ. கூடுதல். 1 மி.மீ. விட்டபோது ஈரக் காற்றுள்ள நாட்களில் அட்டை உப்பி இறுகிக்கொண்டது. 4 மி.மீ. விட்டால் பட்டை சாய்ந்து, கொம்பு ஒரு மட்டத்திலும் எழுத்து ஒரு மட்டத்திலும் நிற்கிறது. இரண்டுதான் சரி. பட்டையின் ஓரங்களில் மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்துவிட்டால் இன்னும் வழுக்கும்.

எழுத்தை எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். எழுத்தை ஜன்னலின் நடுவில் எழுதினால், ர மாதிரி ஒடுங்கிய எழுத்துக்கும் துணைக்காலுக்கும் இடையே பெரிய வெளி விழும், ‘ரா’ ஓர் எழுத்தாகத் தெரியாது. எல்லா எழுத்துகளையும் வலது விளிம்பை ஒட்டி எழுதினேன். இடப்பக்கம் கொம்புக்குப் பிறகு கொஞ்சம் வெளி வருகிறது, அது அவ்வளவாக உறுத்தவில்லை.

புள்ளிக்கும் ி, ீ இரண்டுக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் மூன்று மடல்கள் வெட்டி, சட்டத்தின் மேல் விளிம்பில் வளையத்தில் தொங்கவிட்டேன். மடலைக் கீழே இறக்கினால் எழுத்தின் மேல் புள்ளி வந்து உட்காரும். அழியாத மை மார்க்கர் தேவை, ஒயிட்போர்டு மார்க்கர் முதல் நாளே விரலோடு போய்விடும். வலது ஜன்னலில் கால் இருக்கும்போதே ி மடலை இறக்கி, காலும் ி குறியும் சேர்ந்து வந்த ஒன்றை எப்படி வாசிப்பது என்று ஒரு குழுவே கத்திப் பார்த்துச் சிரித்தது. தடுப்பு ஏதாவது வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்படி ஓர் எழுத்து இல்லை என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். டி, டீ இரண்டும் மடலுக்கு அடங்காது, அவற்றுக்குத் தனி அட்டை.

பிள்ளைகள் கையாளும்போது ஒன்றைக் கவனித்தேன். கொ வேண்டும் என்றால் முதலில் நடுப்பட்டையை இழுத்து க-வைக் கொண்டுவருகிறார்கள், அப்புறம்தான் கொம்பு, கடைசியில் கால். எழுதும்போது கொம்புதான் முதலில் வர வேண்டும், காதில் விழுவதோ மெய் முதலில். நோட்டில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிற பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று சட்டத்தில் அவர்கள் கை போகிற வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. எந்த வரிசையில் நகர்த்தினாலும் கடைசியில் எல்லாம் தன் இடத்தில் வந்து நிற்பது சட்டத்தின் வசதி. நோட்டில் எழுதும்போது அந்த வசதி கிடையாது. அதனால் சட்டத்தில் அமைத்ததைப் பார்த்து, இடமிருந்து வலமாக விரலால் மேசையில் ஒரு முறை எழுதிவிட்டுத்தான் நோட்டை எடுக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம்.

உகரமும் ஊகாரமும் சட்டத்துக்குள் வரவே மாட்டேன் என்றன. கீழே ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தேன், வீண். எழுத்தின் உடம்போடு ஒட்டி மாறுகிற வடிவத்தைத் தனியாகக் கழற்ற முடியாது. 36 அட்டைகளைத் தனியாக வெட்டி, பெட்டியில் போட்டுக் கொடுத்து, உகரத்தை மட்டும் எடுத்து வால் ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு பக்கம். பு, யு, வு, சு, ஙு நேராகக் கீழே இறங்குபவை. து, நு, லு, று, ணு, னு, ஞு வலப்பக்கம் சுற்றி ஏறுபவை. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பிரித்த பிரிப்பு ஏறக்குறைய இப்படியேதான் வந்தது. கு மட்டும் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் அலைந்தது. ஊகாரத்தில் கூ, சூ இரண்டையும் எதோடும் சேர்க்க முடியாமல் தனியாக வைத்தார்கள். அதுவும் சரிதான். சட்டம் செய்ய எனக்கு ஆன நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த அட்டைகளுக்கு ஆகவில்லை. பிள்ளைகள் அதிகம் கேட்டு வாங்குவது இந்தப் பெட்டியைத்தான்.

பெரிய பலகையின் முக்கியமான குறை, ஒரு நேரத்தில் ஒருவர் கைதான் அதில் இருக்க முடியும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஆறு வயதில் அது நடக்கிற காரியமா? குச்சியும் வருகையும் பலகையிலேயே இருக்கட்டும், அவை மொத்த வகுப்புக்கும் பொதுவானவை. எழுத்துச் சட்டத்தையும் எண் அட்டைகளையும் இருவருக்கு ஒன்றாகச் சிறிய அளவில் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். சட்டம் ஏ5 அளவு, எழுத்துக்கு 3 செ.மீ., பட்டை 21 செ.மீ. நீளம். ஏ4 அட்டையைக் குறுக்கே வெட்டினால் அந்த நீளம் தானாகக் கிடைக்கிறது. வானிலைக்கு வைத்திருந்த சுழலும் வட்டைக் கழற்றிவிட்டேன். வெயிலா மழையா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். அந்த இடத்தில் டி, டீ அட்டைகளையும் உகரப் பெட்டியையும் மாட்ட ஒரு கொக்கி போட்டாயிற்று. சின்னச் சட்டத்தில் தடத்துக்கு 2 மி.மீ. அதிகமாகத் தெரிகிறது, பட்டை லேசாகச் சாய்கிறது. அடுத்ததை ஒன்றரையில் வெட்டிப் பார்க்க வேண்டும்.